நாலு இலக்கம் தராத வீடு

பூனாவின் வாகட் பகுதியில் அந்த அபார்ட்மென்ட் சொசைட்டியின் கேட்டைத் தாண்டி உள்ளே போக ஸ்டெல்லாவுக்கு அன்று இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கட்கியிலிருந்து ஸ்கூட்டியில் அங்கே வந்து சேர ஆனது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

வாட்ச்மேன் கையில் ஒரு போன் இருக்கும். வருகிறவர் யார் என்று அதில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வீட்டுக்காரருக்குச் செய்தி போகும். ‘டெக்னீஷியன்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அடையாள அட்டையைப் படம் எடு, கம்பெனி பெயரை எழுது என்று போன் ஆயிரம் கேள்வி கேட்கும். ‘மெய்ட்’ என்ற பொத்தான் ஒன்றும் கேட்காது. ஏணியும் ஒயர் சுருளும் முதுகுப் பையுமாக ஒரு பெண் வந்து நின்றால் வாட்ச்மேன் எதை அழுத்துவார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் இப்படித்தான் “உங்கள் வீட்டு வேலைக்காரி வந்திருக்கிறார்” என்று ஏழாவது மாடிக்குச் செய்தி போக, அந்த வீட்டம்மா சமையலறையை எட்டிப் பார்த்திருக்கிறார். வேலைக்காரி அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதனால் கீழே நிற்பவள் திருடி என்று முடிவாகி, ஸ்டெல்லா கேட்டோடு திருப்பி அனுப்பப்பட்டாள்.

“பய்யா, நான் டெக்னீஷியன்” என்று இன்றைக்கும் இந்தியில் சொன்னாள்.

“தெரியும்மா. எல்லாம் ஒண்ணுதானே” என்றார் வாட்ச்மேன்.

ஸ்டெல்லாவுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பரமசிவம் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அம்மா பவுன். பரமசிவத்துக்கும் பவுனுக்கும் பிறந்த பெண் எப்படி ஸ்டெல்லா ஆனாள் என்றால், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயர் அது. அந்த நர்ஸ் அதற்கப்புறம் அவர்கள் கண்ணில் படவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து வாகட்காரர்கள் அவளைக் கோவா என்பார்கள், கேரளா என்பார்கள். அவளும் ஆமாம், இல்லை என்று எதுவும் சொல்வதில்லை.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம் சோதனைக் காலம். அதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் ஏணியையும் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மூன்று மாதம் முடிவது இன்று, வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக்கு.

ஏணியில் ஏறுவது, ஒயரை ஒட்டுவது, ரவுட்டரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவளுக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. பழகாத ஒன்று அந்த நாலு இலக்கம்.

கம்ப்ளெயின்ட் சரியானதும் வீட்டுக்காரர் போனுக்கு நாலு இலக்கத்தில் ஒரு எண் வரும். அதை அவர் சொல்ல வேண்டும், டெக்னீஷியன் தன் போனில் அழுத்த வேண்டும். அப்போதுதான் கம்ப்ளெயின்ட் மூடும். இல்லையென்றால் இன்டர்நெட் ஆறாக ஓடினாலும் கம்பெனி கணக்கில் அந்த வீடு வறண்ட வீடுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வாகடில் வீட்டுக்கு ஒரு பூசாரி.

அந்த எண் தங்கள் கையில் இருக்கும் வரை இந்தப் பெண் வாசலைத் தாண்ட முடியாது என்று மக்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் நாலு இலக்கத்துக்குக் கீசரைப் பார்க்கச் சொன்னார். ஒருத்தி மகனின் பள்ளி ப்ராஜெக்டுக்குத் தெர்மோகோல் வெட்டி வாங்கினாள். ரிடையர்ட் மனிதர் ஒருவர் தன் போனில் இருந்த பதினோராயிரம் ‘குட் மார்னிங்’ படங்களை அழித்துத் தரும்படி கேட்டு, அழிக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து, “இது இருக்கட்டும்” என்று பாதியைக் காப்பாற்றிக்கொண்டார்.

இவர்களையாவது மன்னிக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அவள் போனில் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டது. “அட, நம்ம ஊர்ப் பொண்ணு” என்று ஆரம்பித்து, பரணில் ஏறி இட்லிக் குண்டானை இறக்கவைத்து, மிக்ஸிக்கு மூடி தேடவைத்து, கடைசியில் “என்னம்மா கண்ணு, பேசறதுல பாதி இந்தி வார்த்தையா இருக்குது, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதா?” என்று வருத்தமும் பட்டுவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார்கள். அன்றோடு ஸ்டெல்லா ஒரு சபதம் எடுத்தாள்: செத்தாலும் வாகடில் வாயிலிருந்து தமிழ் வராது.

“முப்பது வருஷம் வெடிமருந்து பக்கத்துல வேலை செஞ்சேன்” என்பார் பரமசிவம், மகள் சோர்ந்து வரும் நாள்களில். “ஒரு நாளும் எவனும் எனக்கு நம்பர் குடுக்கல. குடுக்கலன்னு நான் அழுவவும் இல்ல.”

“அங்க தப்பு பண்ணா ஃபேக்டரியே போயிடும்பா. அதனால உன்ன நம்பினாங்க. இங்க யாரு நம்பறான்?”

இப்போது அவள் பெயருக்கு எதிரே திறந்து கிடந்தது ஒரே ஒரு கம்ப்ளெயின்ட். பி விங், ஏழாவது மாடி, ஸ்ரீநிவாசன் வீடு. ஒன்பது நாளாகக் கிடக்கிறது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சூப்பர்வைசர் சலீம் போன் செய்தார். அவர் இந்தியில் சொன்னது இதுதான்: “ஸ்டெல்லா, ஒரு மணிக்கு லிஸ்ட் அனுப்பறேன். ஒண்ணு திறந்து இருந்தாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. நேரா போ, காலைப் பிடி, கையைப் பிடி, எண்ணை வாங்கு.”

“சார், அந்த வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல. நான் போறப்பல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

“அதுதான் பெரிய பிரச்சினை” என்று சொல்லிவிட்டு சலீம் வைத்துவிட்டார்.

ஸ்ரீநிவாசன் சென்னையிலிருந்து வந்து ஆறு வருஷம். ஹிஞ்சவடியில் ஒரு பெரிய கம்பெனியில் நெட்வொர்க் ஆர்க்கிடெக்ட். மூன்று கண்டங்களில் பேங்குகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது இவர் போட்ட வரைபடத்தால்தான். வீட்டிலிருந்தே வேலை. அவர் கம்ப்ளெயின்ட் சுருக்கமானது: வாரத்தில் இரண்டு நாள், பதினொரு மணி வாக்கில், நாற்பது நிமிடம் இன்டர்நெட் செத்துவிடுகிறது. பிறகு தானாக உயிர்த்தெழுகிறது. ஸ்டெல்லாவுக்கு முன் இரண்டு டெக்னீஷியன்கள் வந்து அடாப்டரை மாற்றினார்கள், ரவுட்டரை மாற்றினார்கள். ஸ்டெல்லா மொட்டை மாடி வரை போய் ஒயரையே மாற்றினாள். ஸ்ரீநிவாசன் தன் பங்குக்குப் பதினான்கு பக்கத்தில் வண்ணப் படங்களோடு ஒரு அறிக்கை தயாரித்து அவளுக்கு அனுப்பினார். அதில் கடலுக்கடியில் போகும் கேபிள்கள் வரை சந்தேகப்பட்டிருந்தார்.

போன தடவை வந்தபோது புருஷன் பெண்டாட்டி இருவரும் அவள் முன்னாலேயே தமிழில் பேசிக்கொண்டார்கள்.

“இதுக்கு ரெண்டு கம்பிய ஒழுங்கா முறுக்கத் தெரியாது. யாரோ சிபாரிசு பண்ணி உள்ள நுழைஞ்சிருக்கு” என்றார் ஸ்ரீநிவாசன், முகத்தில் ஒரு புன்னகையோடு, ஏதோ அவளைப் பாராட்டுவதுபோல. “உன் போனுக்குத்தானே கோட் வரும்? குடுத்துடாதே. அது நம்ம கையில இருக்கற வரைக்கும்தான் இவா திரும்ப வருவா.”

“வரட்டும். ஆனா அந்த சாக்ஸைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்கோ” என்றார் லலிதா. “ஹால் வரைக்கும் வாசனை வீசறது.”

ஸ்டெல்லா அந்த நேரத்தில் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவுட்டர் ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிற்று. உலகத்தில் அன்று அவளைப் பார்த்து அவமானமாக எதுவும் பேசாத ஒரே ஜீவன் அது.

இன்றைக்குக் கதவைத் திறந்தவர் லலிதா. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. உள்ளறையிலிருந்து ஸ்ரீநிவாசன் குரல், யாரோ ஒரு லண்டன்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

“நெட் வந்துடுத்து” என்று லலிதா இந்தியில் சொன்னார். “பதினொண்ணுக்குப் போச்சு. இப்போதான் வந்துது. நீ வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி.”

கேட்டில் நின்ற இருபத்திரண்டு நிமிடத்தை ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்தபடி சாக்ஸைக் கழற்றிவிட்டு டிரை பால்கனிக்குப் போனாள்.

பூனா வீடுகளில் சமையலறையை ஒட்டி டிரை பால்கனி என்று ஒரு இடுக்கு இருக்கும். பெயர்தான் டிரை, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கேதான். ஃபைபர் ஒயர் கட்டடத்தின் பின்பக்கமாக ஏறி வருவதால் ரவுட்டரையும் அங்கேயே சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே வாஷிங் மெஷின். அதன் பக்கத்தில் துணி போட்டு மூடி ஏதோ ஒரு சாமான். சுவரில் வாஷிங் மெஷினுக்குப் பெரிய பிளக் பாயின்ட் ஒன்று, ரவுட்டருக்குச் சின்னது ஒன்று.

ரவுட்டரின் விவரங்களைத் தன் போனில் திறந்தாள். திங்கள், பதினொன்று இரண்டு: மின்சாரம் இல்லை. வியாழன், பதினொன்று ஐந்து: மின்சாரம் இல்லை. திங்கள், வியாழன், திங்கள், வியாழன். மற்ற நாளில் ஒரு பிசகு இல்லை. வீட்டில் கரண்ட் போகவில்லை. ரவுட்டருக்கு மட்டும் போகிறது.

அடாப்டரைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று கை வைத்தாள். விரலில் பிசுபிசுவென்று வெள்ளையாக ஏதோ ஒட்டியது. போன தடவை அதே இடத்தில் காய்ந்த வெள்ளைத் திட்டு இருந்தது. பெயின்ட் என்று நினைத்து விட்டுவிட்டாள். அதற்கு முந்திய இரண்டு டெக்னீஷியன்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒருவர் நாசிக், ஒருவர் பீகார்.

ஸ்டெல்லா விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

கட்கியில் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பவுன் சுவிட்ச் போர்டில் அப்பி வைப்பதிலும் இதே வாசனைதான். துணி மூடியிருந்த சாமானின் மேல் கை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

ஒன்பது நாள். மொட்டை மாடி வெயில். பதினான்கு பக்கம். கடலுக்கடியில் கேபிள். சபதமாவது ஒன்றாவது.

“அக்கா” என்றாள் தமிழில். “மாவு எப்போ எப்போ அரைப்பீங்க?”

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. லலிதா வந்து வாசற்படியில் நின்றார்.

“உனக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“எப்போலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து.”

லலிதாவின் முகத்தில் போன வாரம் பேசியது அத்தனையும் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. சாக்ஸ் வந்தபோது சற்று நின்று போயிற்று.

“அன்னிக்கு ஏதோ… சும்மா பேசிண்டிருந்தோம்.”

“பரவால்லக்கா. சாக்ஸ் இன்னிக்கு தோய்ச்சதுதான். நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“எதுக்கு?”

“அதான். மாவு.”

லலிதா உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். லண்டன் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“திங்களும் வியாழனும். இந்தப் பொந்துல சின்ன பிளக் ஒண்ணுதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“அக்கா, ஒம்போது நாளா பாகல் மாதிரி, பைத்தியமா சுத்தறேன். மாடி மேல ஏறி ஒயர் மாத்துனேன். பைப் போற டக்ட்டுக்குள்ள தலய வுட்டேன், புறா எச்சம் தலையில வாங்கினேன். நீங்க பிளக்கைப் புடுங்கிட்டு மாவு அரைச்சிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மொதல் தடவை சத்தியமா தெரியாதுடி” என்றார் லலிதா. “அது டிவிக்கான பொட்டின்னு நெனச்சேன். அரைக்க ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல வீடே நிசப்தமா ஆயிடுத்து. கிரைண்டர் கடகடன்னு ஓடறது, எனக்கு அதுவே நிசப்தமா இருந்துதுன்னா பார்த்துக்கோ. காலம்பற சிங்கப்பூர், மத்தியானம் லண்டன், சாயந்தரமானா அமெரிக்கா. யாரையாவது கத்திண்டே இருப்பார். நெட் போச்சுன்னா ஜன்னலோரம் போயி செல்போன்ல மெதுவாப் பேசுவார். ரெண்டாந்தடவை…” கொஞ்சம் நிறுத்தினார். “ரெண்டாந்தடவை தெரிஞ்சுதான் பிடுங்கினேன். வாரத்துல எம்பது நிமிஷம். அதிகமா?”

ஸ்டெல்லாவின் கம்பெனிப் பயிற்சியில் இந்தப் பாடம் வரவில்லை.

“அக்கா, ஒரு மணிக்குள்ள நீங்க கோட் சொல்லலன்னா என் நௌக்ரி போயிடும். மூணு மாசம் நாய் மாதிரி உழைச்சேன். இந்த ஒரு வீடுதான் பாக்கி.”

“சொல்றேன். ஆனா என்ன காரணம்னு அவர் கேப்பாரே. மாவுன்னு சொல்லுவியா?”

“சொல்லாம?”

“சொன்னா கோட் வராதுடி. எனக்காகச் சொல்லலை. ஆறு மாசமா அந்த மனுஷன் ஆபீஸ் பூராவும் சொல்லி வெச்சிருக்கார், கடலுக்குள்ள கேபிள் அறுந்திருக்குன்னு. பொண்டாட்டி இட்லிக்கு அரைச்சான்னு தெரிஞ்சா தாங்குவாரா? இன்னும் பத்து கம்ப்ளெயின்ட் எழுதுவார், அது பொய்யின்னு நிரூபிக்க.”

அதுவும் உண்மைதான். ஸ்டெல்லா மணி பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.

“அப்போ ஒண்ணு பண்ணுங்க. இன்னிலேர்ந்து முப்பது நாள் இந்தப் பிளக்கைத் தொடாதீங்க. முப்பது நாளுக்குள்ள இதே வீட்டுலேர்ந்து கம்ப்ளெயின்ட் வந்தா, நிரந்தரமானாலும் என் தலையிலதான் விடியும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி சமையல் ரூம்லேர்ந்து இழுத்துக்கோங்க.”

“முப்பது நாளா?” என்றார் லலிதா, யாரோ முப்பது நாள் உபவாசம் இருக்கச் சொன்ன மாதிரி. பிறகு பெருமூச்சு விட்டார். “சரி.”

அந்த நேரத்தில் லண்டன் முடிந்தது. ஸ்ரீநிவாசன் லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி வந்தார். ஸ்டெல்லா சட்டென்று இந்திக்குத் திரும்பினாள்.

“சொல்லு, ரூட் காஸ் என்ன?” என்றார் ஸ்ரீநிவாசன்.

“பவர் சார். உங்க வீட்டு சைடு. திங்களும் வியாழனும், பதினொரு மணிக்கு.”

“இம்பாசிபிள். வீட்டுல லைட்டு எரியறது, ஃபேன் ஓடறது.” மனைவியிடம் தமிழில், “பார்த்தியா, பழியை நம்ம மேல போடறது” என்றார்.

லலிதா, “ஷ்” என்றார். ஸ்ரீநிவாசனுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஸ்டெல்லா போனை நீட்டினாள். ஸ்ரீநிவாசன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். மனிதர் தொழிலில் கெட்டிக்காரர்தான்; எண்களைப் பார்த்ததும் முகம் மாறிற்று. திங்கள், வியாழன், திங்கள், வியாழன். வாஷிங் மெஷினைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். துணி மூடிய கிரைண்டரைப் பார்த்தார்.

லலிதா கிரைண்டர் துணியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார்.

ஸ்ரீநிவாசனின் பார்வை கிரைண்டரைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிற்று. பிறந்ததிலிருந்து வாரம் இருமுறை வீட்டில் கேட்கும் சத்தம் யார் காதில் விழும்? நாற்பத்தைந்து வருஷமாக இட்லி தானாகவே தட்டில் வந்து உட்கார்கிற மனிதர். ஜன்னலுக்குக் கீழே, கேட் பக்கம், ஒரு தண்ணீர் டேங்கர் தண்ணீரை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

“டேங்கர்” என்றார் மெதுவாக.

“என்ன?”

“லலிதா, திங்களும் வியாழனும்தானே பி விங்குக்கு டேங்கர் வர்றது? பதினோரு மணிக்கு மோட்டார் போடறா. வோல்டேஜ் இறங்கறது. லைட்டு தாங்கும், ரவுட்டர் தாங்காது. எத்தனை சிம்பிள்.”

“ஆமாம்” என்றார் லலிதா, ஒரு நொடி கூடத் தாமதிக்காமல். “அந்த மோட்டார் சத்தம் என்னமா கேக்கும் தெரியுமோ.”

“ஆறு மாசமா கமிட்டிக்காரா என் நெட்டைக் கொன்னுண்டு இருக்கா.” ஸ்ரீநிவாசன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கடல் கேபிளோடு சண்டை போட முடியாது; சொசைட்டி கமிட்டியோடு போடலாம், ஞாயிற்றுக்கிழமைதோறும் போடலாம். “அந்தப் பொண்ணுக்குக் கோட் குடுத்துடு. பாவம், அது மேல தப்பில்லை.”

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. லலிதாவின் போன் படுக்கையறையில் இருந்தது. கண்ணாடி பூஜை ரூமில் இருந்தது. காலையில் வந்த எண் காலாவதியாகிவிட்டது. ஸ்டெல்லா தன் போனிலிருந்து புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும். அனுப்பினாள். வரவில்லை. மறுபடி அனுப்பினாள். இரண்டு எண்கள் சேர்ந்து வந்தன.

“மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?”

“கடைசியா வந்தது ஆன்ட்டி.”

“ஆறு… மூணு… இது ஒண்ணா ஏழா? மேல கோடு இருந்தா ஏழுதானே?”

“காமிங்க ஆன்ட்டி.”

“போனைக் கையில குடுக்காதே” என்றார் ஸ்ரீநிவாசன் தமிழில், கமிட்டிக்குக் கடிதம் தட்டிக்கொண்டே. “ஓடிடும்.”

“சும்மா இருங்கோ” என்றார் லலிதா, காது சிவக்க. போனைத் தூக்கி ஸ்டெல்லாவின் கையிலேயே கொடுத்தார்.

ஆறு, மூன்று, ஏழு, ஒன்பது. காரணம் என்ன என்று கம்பெனி போன் கேட்டது. ஒயர், அடாப்டர், ரவுட்டர், வாடிக்கையாளர் வீட்டு மின்சாரம் என்று நாலு வழிதான் கொடுத்திருந்தது. ஸ்டெல்லா கடைசியைத் தொட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

வாசலில் ஒரு டப்பாவைக் கையில் திணித்தார் லலிதா. அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அரைத்த மாவு அன்பளிப்பா இல்லையா என்று சட்டத்தில் இல்லை. சாயங்காலம் பவுன் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “உளுந்து பத்தல. வெந்தயத்த வெச்சு ஒப்பேத்தியிருக்கா” என்றாள். வேலை நிரந்தரமான செய்திக்கு அதைவிடக் கொஞ்சம் நீளமாகச் சந்தோஷப்பட்டாள். பரமசிவம் ஸ்கூட்டியைத் துடைத்து வைத்தார்.

லலிதா வாக்குத் தவறவில்லை. முப்பது நாள் ரவுட்டர் இமை கொட்டாமல் விழித்திருந்தது. ஸ்ரீநிவாசன் அந்த ஞாயிற்றுக்கிழமையே கமிட்டியோடு மூன்று மணி நேரம் போராடி டேங்கர் நேரத்தை விடியற்காலை ஐந்துக்கு மாற்றினார். பி விங் முழுவதும் மோட்டார் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து அவரைச் சபித்தது. டேங்கரை மாற்றியதும் நெட் ஒழுங்காகிவிட்டது என்று அவர் எல்லோரிடமும் காட்டினார், ஆதாரமும் இருந்ததே. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸ்டெல்லா அதில் கடலை உருண்டை போட்டுக் கொடுத்து, அம்மா உளுந்தைப் பற்றிச் சொன்னதையும் சொல்லிவைத்தாள்.

முப்பது நாள் சனிக்கிழமை முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை பதினொன்று நாலுக்கு ஸ்டெல்லாவின் போன் அடித்தது. பி விங், ஏழாவது மாடி.

“உனக்கு வீடு மாதிரி ஆயிடுச்சு. நீயே போ” என்றார் சலீம்.

ஸ்டெல்லா அவசரப்படவில்லை. கேட்டுக்கு எதிரே டப்ரி என்னும் டீப் பெட்டிக்கடையில் அரை டம்ளர் கட்டிங் சாய் ஒன்று குடித்தாள், பிறகு இன்னொன்று. பதினொன்று நாற்பதுக்கு வாட்ச்மேனிடம் போய் நின்றாள். அவர் ‘மெய்ட்’ பொத்தானை அழுத்தினார். இந்த முறை அவள் திருத்தவில்லை. மேலேயிருந்து உடனே அனுமதி கிடைத்தது.

கதவைத் திறந்த லலிதாவின் ஒரு கையில் போன், அதில் நாலு இலக்கம் தயாராக இருந்தது. மறு கையில் டப்பா. “இந்தத் தடவை உளுந்து சரியாப் போட்டிருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு” என்றார் ரகசியமாக. முகம் குளித்து வந்ததுபோல் தெளிவாக இருந்தது.

உள்ளிருந்து ஸ்ரீநிவாசன் லேப்டாப்போடு வந்தார். தலை கலைந்திருந்தது.

“டேங்கர் இல்லை. அது காலம்பற அஞ்சுக்கே வந்துட்டுப் போயிடுத்து. அப்போ இது என்ன?” யோசித்தார். கண்ணில் மெதுவாக ஒரு வெளிச்சம் ஏறிற்று. “லிஃப்ட். திங்கக்கிழமைதானே லிஃப்டுக்கு சர்வீஸ் பண்ண வர்றா?”

“இருக்கும் சார்” என்றாள் ஸ்டெல்லா, இந்தியில்.